கால் செய்த வேலையும் தேகம் சுமந்த பாரமும்

ரப்பர் மரத்தின் பட்டையை எவ்வளவு நீளம் சீவலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை சீவலாம் என்பதற்குத் தோட்டங்களில் ஒரு கணக்கு உண்டு. மரத்தின் சுற்றளவில் பாதியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவதை 100 விழுக்காடு என்று பிரமாணமாக வைத்துக்கொள்வார்கள். அதே பாதியை மூன்று நாளுக்கொரு முறை வெட்டினால் 67, நாள்தோறும் வெட்டினால் 200. வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே, இழந்த பாலை மீண்டும் ஊறச் செய்துகொள்ள மரத்துக்கு அவகாசம் வேண்டும் என்பதையும், அந்த அவகாசத்தைக் கொடாமல் பேராசையோடு வெட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் பட்டை வறண்டு கத்தி பட்ட இடத்தில் பால் கசியாமல் நின்றுவிடும் என்பதையும், 1925-இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் தோட்ட நிர்வாகங்களும் நன்றாக அறிந்திருந்தன. மரத்தின் சிரமத்துக்கு ஓர் எண் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்து மரத்துக்கு ஓய்வு நாளும் விதிக்கப்பட்டது.

மரத்தை வெட்டியவருக்கு அவ்விதக் கணக்கு எதையும் எவரும் எழுதவில்லை. அவருக்கு இரண்டு நிரைகள் கொடுத்தார்கள்; இன்று ஒன்றை வெட்டினால் நாளை மற்றொன்று. ஆகவே மரம் ஓய்ந்திருந்த நாளிலும் அவர் ஓயவில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் ஓடி, வெயில் ஏறியபின் மங்குகளிலிருந்து பாலைச் சேகரித்து, காண்டா என்ற தோள்தடியின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு வந்தால், அங்கே கணக்கெழுதும் கிராணியார் பாலை நிறுப்பார். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அது எந்தக் கோடு வரை மூழ்குகிறது என்று குனிந்து பார்த்து, இதில் உலர்ந்த ரப்பர் இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று கணித்துப் புத்தகத்தில் பதிவார். பாலில் மூன்றில் ஒரு பங்கு ரப்பரா, அதற்கும் குறைவா என்பது வரை நுட்பமாக அளக்கப்பட்டது. அதே பாலைக் காய்ச்சலோடு வந்த ஒருவர் கொண்டுவந்தாரா, முந்தின இரவு முழுதும் பிள்ளைக்கு விழித்திருந்த ஒரு தாய் கொண்டுவந்தாரா என்பதைக் காட்டும் கோடு அந்தக் கருவியில் இல்லை.

சைக்கிள் பயிற்சியைப் பற்றி எழுத வந்த கட்டுரையின் முகப்பில் இதை வைப்பதற்குக் காரணம், செய்து முடித்த வேலை ஒன்று, அதைச் செய்த தேகம் சுமந்த பாரம் வேறு ஒன்று என்ற பேதத்தைப் மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தமிழருக்கு வேறு எந்த உதாரணத்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது என்பதுதான். உலகத்தின் பயிற்சி சாஸ்திரம் கடந்த ஐம்பது ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருப்பதும் இந்த ஒரே பேதத்தோடுதான்.

ஈப்போவைச் சுற்றி இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலைக்கு வந்து நின்று பார்ப்பவர்களுக்கு, சைக்கிள் எவ்வளவு வேகமாக இந்த நகரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது விளங்கும். ஏழு மணியளவிலேயே பொழுது புலர்கின்ற இவ்வட்டாரத்தில், இருட்டோடு விளக்கைப் பொருத்திக்கொண்டு புறப்படும் கூட்டங்கள், செம்மோர் வழியாகச் சுங்கை சிப்புட்டை நோக்கியும், கோப்பெங் வழியாகக் கம்பாரை நோக்கியும் போகின்றன. கால் வலிமை மிகுந்தவர்கள் மெங்லெம்புவில் கிளெடாங் மலை மேலும், சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைச் சாலையிலும் ஏறுகிறார்கள். 1996 முதல் நடந்துவரும் லங்காவிச் சுற்றுப் பந்தயம் ஈப்போவையும் கேமரன் மலையையும் பலமுறை தொட்டுச் சென்றிருக்கிறபடியால், அந்த ஏற்றங்களில் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்கும் ஆசை இளைஞருக்கு இயல்பாகவே உண்டாகிறது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டங்களுக்குள்ளே செம்மண் சாலைகள் இன்னும் கிடக்கின்றன. பாட்டனும் பாட்டியும் வாளி சுமந்து நடந்த அந்தத் தடங்களில் பேரப்பிள்ளைகள் தடித்த டயர் பூட்டிய சைக்கிளில் விளையாட்டாக ஓட்டுவதைக் காணும்போது மனம் நிறைகிறது. வயிற்றுக்காகப் பட்ட சிரமம், மூன்று தலைமுறைக்குள் விரும்பி ஏற்கும் அப்பியாசமாக மாறியிருக்கிறது.

ஆனால் விரும்பி ஏற்பதனாலேயே சிரமம் இலேசாகிவிடுவதில்லை. எவ்வளவு ஓட்டினால் பலம் கூடும், எவ்வளவுக்கு மேல் ஓட்டினால் உள்ள பலமும் போய்விடும் என்ற கேள்விக்கு விடை தேடித்தான் பயிற்சிச் சுமை என்ற அளவை பிறந்தது. முதலில் இதை ஒழுங்கான கணிதமாக வகுத்தவர் எரிக் பானிஸ்டர். கனடாவிலிருந்து 1975-இல் தம் சகாக்களோடு அவர் வெளியிட்ட கருத்து, கேட்பதற்கு எளிமையானது: ஒவ்வொரு பயிற்சியும் தேகத்தில் இரண்டு விளைவுகளை ஒரே சமயத்தில் விதைக்கிறது, ஒன்று வலிமை, மற்றொன்று களைப்பு. களைப்பு பெரிதாக எழுந்து சீக்கிரம் தணியும். வலிமை சிறிதாக எழுந்து நெடுநாள் நிற்கும். ஒரு நாளில் ஒருவரின் திறமை என்று நாம் காண்பது, வலிமையிலிருந்து களைப்பைக் கழித்த மீதியே. பந்தயத்துக்கு முந்திய வாரம் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு இதைக் காட்டிலும் தெளிவான நியாயத்தை யாரும் சொன்னதில்லை.

அந்த விளைவுகளைக் கணிக்க ஒவ்வொரு நாளின் பாரத்துக்கும் ஓர் எண் வேண்டுமே! பானிஸ்டர் ஹிருதயத் துடிப்பைப் பற்றிக்கொண்டார். ஓய்வில் 60 முறையும் உச்ச முயற்சியில் 190 முறையும் துடிக்கும் ஓர் ஆடவரை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடைவெளி 130. அவர் ஒரு மணி நேரம் 125 துடிப்பில் ஓட்டினால் அந்த இடைவெளியில் பாதியை உபயோகிக்கிறார். பானிஸ்டரின் சூத்திரப்படி அன்றைய சுமை ஏறக்குறைய 50. அதே ஒரு மணி நேரத்தை 157 துடிப்பில், அதாவது முக்கால் பங்கில், ஓட்டினால் சுமை 75 ஆவதில்லை, 120-ஐ எட்டிவிடுகிறது. உழைப்பின் தீவிரம் ஏற ஏற அதன் விலை நேர்கோட்டில் ஏறாமல் வளைந்து செங்குத்தாக எழுகிறது என்ற அனுபவ உண்மையை அந்தச் சூத்திரம் காப்பாற்றிவிட்டது.

பிறகு வந்தது வாட் கணக்கு. 1986-இல் உல்ரிக் ஷோபெரர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், சைக்கிளின் கிராங்குக்குள் நுண்ணிய உலோக இழைகளை ஒட்டிப் பவர் மீட்டர் என்னும் கருவியை அமைத்தார். மிதியை அழுத்தும்போது உலோகம் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு வளைகிறது. அதோடு ஒட்டிய இழையும் இழுபட்டு, அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாறுதலையும் கிராங்க் சுழலும் வேகத்தையும் சேர்த்துப் பெருக்கினால், கால் அந்தக் கணத்தில் எத்தனை வாட் சக்தியைக் கொடுக்கிறது என்பது தெரிந்துவிடும். காற்று எதிர்த்தாலும், மேடு வந்தாலும், டயரில் காற்றுக் குறைந்தாலும், இந்த அளவு மட்டும் ஏமாற்றாது. மலேசியாவுக்காக ஒலிம்பிக் வரை சென்று ஓட்டிய முருகையன் குமரேசனின் காலத்தில் உலகில் மிகச் சிலருக்கே எட்டிய இந்தக் கருவி, இன்று ஈப்போவின் சைக்கிள் கடைகளிலும் கிடைக்கிறது. எனினும் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளியின் ஒரு மாத ஊதியத்தை அது இன்றும் கேட்கக்கூடும்.

வாட் எண்களைப் பயிற்சிச் சுமையாக மாற்றும் முறையை 2003-இல் வகுத்தவர் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆண்ட்ரூ காகன். அவர் கணக்கின் ஆதாரம், ஒருவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து ஓட்டக்கூடிய அதிகபட்ச சக்தி. அந்த வரம்பில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 100 புள்ளி. ஒருவருடைய வரம்பு 200 வாட் என்றால், 150 வாட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டிய சவாரிக்கு 112 புள்ளி சேரும். வெறும் சராசரியை எடுத்துக்கொள்ளாதது காகனின் விவேகம். ஐந்து நிமிஷம் 100 வாட்டிலும் அடுத்த ஐந்து நிமிஷம் 300 வாட்டிலுமாக மாறி மாறி ஒரு மணி நேரம் ஓட்டினால் சராசரி 200-தான். ஆனால் அப்படி ஓட்டி இறங்கியவரின் கால்களைக் கேட்டால் வேறு பதில் வரும். ஆகையால் அவர் முப்பது விநாடிச் சராசரிகளை நான்காம் படிக்கு உயர்த்தி, அவற்றின் சராசரி கண்டு, மறுபடி நான்காம் மூலத்துக்கு இறக்கினார். அந்த ஓட்டம் ஏறக்குறைய 250 வாட்டுக்குச் சமம் என்ற விடை கிடைத்தது. இப்படிச் சேரும் புள்ளிகளை, பழைய நாட்களின் எடை படிப்படியாகக் குறையும்படி 42 நாள் அளவில் சராசரி கண்டால் வலிமையென்றும், ஏழு நாள் அளவில் கண்டால் களைப்பென்றும் கொள்வது வழக்கம். பானிஸ்டரின் இரண்டு விளைவுகளே இங்கே வேறு உடுப்பில் நடமாடுகின்றன.

இவ்வளவும் அழகான கணிதம். ஆயினும் கிந்தாப் பள்ளத்தாக்கின் வெயிலில் இந்தக் கணிதம் ஓரிடத்தில் வழுக்குகிறது என்பதை நம் இளைஞர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

சைக்கிள் ஓட்டுபவரின் தேகம் செலவிடும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிதியில் போய்ச் சேருகிறது, மற்றதெல்லாம் உஷ்ணமாகிறது. 150 வாட்டில் மிதிப்பவர் உள்ளே 500 வாட்டுக்கு மேற்பட்ட அனலைக் கிளப்பிக்கொண்டே போகிறார். அந்த அனலை வெளியேற்றும் பிரதான வழி வியர்வை. வியர்வை ஆவியானால்தான் தேகம் குளிரும், வழிந்து கீழே சொட்டினால் குளிராது. ஈரம் நிறைந்த நம் காற்றில் அது பெரும்பாலும் சொட்டத்தான் செய்கிறது. தோலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் பாய வேண்டும். கால்களுக்கும் அதே இரத்தம்தான் வேண்டும். வியர்வையால் நீர் குறையக் குறைய ஒரு துடிப்பில் ஹிருதயம் தள்ளும் இரத்தமும் குறைகிறது. ஆகவே வாட் மாறாமலே இருக்கும்போது, துடிப்பு மட்டும் பத்து, பதினைந்து என்று மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. 2000-இல் ஆஸ்திரேலியாவின் சிறந்த சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையில், 23 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் அவர்கள் கொடுத்த சக்தியைக் காட்டிலும், 32 பாகையில் கொடுத்தது ஆறு, ஏழு விழுக்காடு குறைந்துபோயிற்று. 32 பாகை நமக்கு விசேஷமான உஷ்ணம் அல்ல. ஈப்போவின் சாதாரண நண்பகல்.

செம்மோர்ச் சாலையில் காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டு இரண்டு மணி நேரம் 150 வாட்டில் ஓட்டியவருக்கும், அதே சாலையில் அதே வாட்டில் பதினொரு மணிக்குப் புறப்பட்டு ஓட்டியவருக்கும், பவர் மீட்டர் 112 என்ற ஒரே புள்ளியைத்தான் எழுதும். ஸ்டோரில் பாலை நிறுத்தவரின் புத்தகம் செய்த அதே பிழைதான் இது. மலையேற்றத்தில் இந்தப் பிழை இன்னும் பெருகுகிறது. சமதரையில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அவருடைய வேகமே காற்றாக வீசி அனலைக் கொண்டுபோகும். கிளெடாங் சாலையின் செங்குத்தில் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறவருக்கு அந்தக் காற்று இல்லை. வாட் ஒன்றாயிருந்தும் உள்ளே வேகும் வெப்பம் ஒன்றல்ல. சிம்பாங் பூலாய்ச் சாலையில் ஆயிரம் மீட்டர் ஏறியபின் ஏறக்குறைய ஆறு பாகை குளிர்ந்துவிடும் என்பதால், அங்கே அடிவாரத்தை நிதானமாகக் கடந்து மேற்பகுதியில் வலிமையைக் காட்டுபவர்களே பிழைக்கிறார்கள். அனுபவசாலிகள் இதைக் கருவி இல்லாமலே கண்டிருக்கிறார்கள். பால் வெட்டும் வேலையும் விடியற்காலை வேலையாகவே இருந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்: குளிர்ந்த வேளையில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் நிறைந்து பால் தாராளமாக ஓடும்; வெயில் ஏறினால் ஓட்டம் தளர்ந்துவிடும்.

வெயில் மாத்திரமன்று, ஓட்டத்தின் ஜாதியும் இந்தக் கணக்கைத் தடுமாறச் செய்கிறது. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் கெய்ரின் என்ற ஓடுதளப் பந்தயத்தில் வெண்கலமும், மறு ஆண்டு ஹாங்காங்கில் உலகப் பட்டமும் வென்ற அசிசுல்ஹஸ்னி அவாங், திரெங்கானுவின் டுங்குன் ஊரிலிருந்து எழுந்த பெருமகன். அவரைப் போன்ற விரைவோட்டக்காரரின் உழைப்பு பத்து, பதினைந்து விநாடிகளில் எரிந்து முடிவது. அதை முப்பது விநாடிச் சராசரியில் கரைத்து, ஒரு மணி நேர வரம்போடு ஒப்பிட்டால், உயிரை விட்டுச் செய்த பயிற்சி நாளுக்குக்கூட ஓர் உல்லாச சவாரியின் புள்ளிதான் விழும். ஈப்போவின் வெலோட்ரோம் ராக்யாட் போன்ற திறந்தவெளி ஓடுதளத்தில் பயிலும் சிறுவர்களுக்குச் சாலை ஓட்டக்காரரின் புள்ளிக் கணக்கைப் பிரமாணமாக வைப்பது சரியன்று.

அப்படியானால் எதை நம்புவது? இந்தக் கட்டுரையாசிரியனின் உறுதியான அபிப்பிராயம், நம் ஊர் இளைஞருக்கு முதலாவதாக வேண்டியது கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க அறிஞர் 1990களில் வகுத்துக் கொடுத்த முறையே என்பதாகும். அதற்கு முன்பே ஸ்வீடன் தேசத்து மனோதத்துவ நிபுணர் குன்னார் போர்க், தான் பட்ட சிரமத்தை மனிதன் தானே எண்ணால் சொல்ல முடியும் என்று நிரூபித்திருந்தார். ஃபாஸ்டர் அதைப் பயிற்சிக்குத் திருப்பினார். சவாரி முடிந்து அரைமணி கழித்து ஓட்டியவரிடம் ஒரு கேள்வி: இன்றைக்கு முழுச் சவாரியும் எப்படி இருந்தது? பூஜ்யம் என்றால் ஓய்வு. பத்து என்றால் இதற்கு மேல் முடியாது என்ற நிலை. அந்த எண்ணை நிமிஷங்களால் பெருக்கினால் அன்றைய சுமை. இறங்கிய உடனே கேட்கக் கூடாது. கடைசி மேட்டின் வேதனையோ, கடைசி இறக்கத்தின் ஆனந்தமோ பதிலைக் கெடுத்துவிடும்.

மேலே சொன்ன இரண்டு சவாரிகளையும் இந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம். காலையில் ஓட்டியவர் நான்கு என்கிறார். 120 நிமிஷத்துக்கு 480. நண்பகலில் ஓட்டியவர் ஏழு என்கிறார், 840. பவர் மீட்டரின் கண்ணுக்குத் தப்பிய வெயில் இங்கே பிடிபட்டுவிட்டது. வெயில் மட்டுமல்ல, வாழ்க்கையும் பிடிபடுகிறது. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று தொழிற்சாலைகளில் முறை வைத்து வேலை செய்கிறார்கள். இரவு ஷிப்டு முடித்து, ஒரு ரொட்டி சானாயோடு பசியாறிவிட்டு நேரே சைக்கிளில் ஏறுகிறவருக்கு, வழக்கமாக ஐந்து என்று தோன்றும் சவாரி ஏழு என்று தோன்றும். அந்த இரண்டு எண் வித்தியாசத்தில் அவருடைய உறக்கமின்மை முழுதும் அடங்கியிருக்கிறது.

ஃபாஸ்டர் இன்னொரு நுட்பத்தையும் சேர்த்தார். எனக்கு இதுவே மிகச் சிறந்ததாகத் தோன்றுகிறது. ஒருவர் வாரத்தில் ஆறு நாள் தினம் 400 வீதம் ஓட்டி ஏழாம் நாள் ஓய்வெடுக்கிறார், மொத்தம் 2,400. மற்றொருவர் 800, 200, 600, ஓய்வு, 500, 100, 200 என்று ஏற்றி இறக்கி ஓட்டுகிறார். மொத்தம் அதே 2,400. தினசரிச் சராசரியை, நாட்களுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வின் அளவால் வகுத்தால், முதல்வரின் வாரம் இரண்டைத் தாண்டிய எண்ணைக் கொடுக்கும். இரண்டாமவரின் வாரம் ஏறக்குறைய ஒன்றேகாலில் நிற்கும். அந்த எண்ணால் மொத்தத்தைப் பெருக்கிப் பார்க்கும்போது முதல்வர் தாங்கிய நெருக்கடி ஏறத்தாழ இரண்டு மடங்கு. இத்தகைய வாரங்களுக்குப் பின்னாலேயே சளியும் காய்ச்சலும் தொடர்ந்து வருவதை ஃபாஸ்டர் விளையாட்டு வீரர்களிடம் கண்டார். நடுத்தரமான கடினத்தில் நாள் தவறாமல் ஓட்டுவதுதான் ஒழுக்கம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நம்மவர் பலர், தம்மை அறியாமலே முதல்வரின் வாரத்தை வாழ்கிறார்கள். மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கண்ட ஞானத்தை மனிதனுக்கும் நீட்டியிருக்கிறார் ஃபாஸ்டர் என்றே சொல்லலாம்.

கருவி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வாட்டையும் துடிப்பையும் தன் வாயால் சொல்லும் எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதி வருபவருக்கு, அவை ஒன்றையொன்று பிரியும் நாளே பெரிய செய்தி. வாட் அதுவே, துடிப்பு ஏறியிருக்கிறது, மனம் ஏழு என்கிறது என்றால், அன்று காரணத்தைத் தேட வேண்டும்: வெயிலா, நீர் போதாமையா, தொடங்கிக்கொண்டிருக்கும் காய்ச்சலா? கருவி இல்லாதவருக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, புறப்பட்ட நேரம், நிமிஷம், எண், பெருக்கல். கடைசிக் கட்டத்தில் ஒரு வரி, உறக்கம் எப்படி, ஷிப்டு எது, மழையா புகைமூட்டமா என்று. பயிற்சியாளர்கள் அந்த எண்ணைக் கேட்கும்போது, சிறுவர்கள் வீரம் காட்டுவதற்காகக் குறைத்துச் சொல்லாதபடி, தனியே அழைத்துக் கேட்பது நல்லது.

தைப்பூச மாதத்தில் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு அதிக இடம் விட்டு வைக்க வேண்டும். விரதம் இருந்து, புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக்குக் காவடியோடு நடக்கிறவர்கள், அந்த நடையையும் நிமிஷக் கணக்கோடு நோட்டில் எழுதி, அடுத்த சவாரியை அதற்குப் பிறகே தீர்மானிக்கலாம்.